லண்டன் சைக்கிள்: நாள் வாடகைக்கு எடுப்பதா, அரை மணிக்கு எடுப்பதா?

கேள்வி: மகன் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். நானும் மனைவியும் 15 வயது மகளும் அவனைப் பார்க்கப் போகிறோம். அங்கே தெருவில் நிற்கும் சிவப்பு சைக்கிளை கார்டைக் காட்டி எடுத்து எங்கே வேண்டுமானாலும் விடலாம், 2 பவுண்டு கட்டினால் நாள் முழுக்க ஓட்டலாம் என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். காலை 10 மணிக்கு எடுத்து மாலை 4 மணிக்கு விட்டால் என்ன ஆகும்? எங்கள் டெபிட் கார்டு அங்கே செல்லுமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: அந்த வீடியோ பழசு. 2 பவுண்டு கணக்கை 2022 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் ஒரே சைக்கிளை நாள் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது, 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் 30 நிமிடத்துக்குள் திருப்பி விட்டால்தான் கூடுதல் காசு கிடையாது. இதைத்தான் வீடியோ போடுகிறவர்கள் பாதி சொல்லிப் பாதி விடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது சான்டாண்டர் என்ற வங்கியின் பெயரில் ஓடும் சான்டாண்டர் சைக்கிள்ஸ். 2010 ஜூலையில் வேறொரு வங்கியின் பெயரில் தொடங்கி, 2015-ல் இந்தப் பெயருக்கு மாறியது. 2022-ல் வந்த கட்டணப்படி சாதாரண சைக்கிளுக்கு 30 நிமிடம் வரை 1.65 பவுண்டு, அப்புறம் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் இன்னொரு 1.65. பேட்டரி சைக்கிள் என்றால் இரண்டு மடங்கு, 3.30.

உங்கள் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மணி முதல் 4 மணி வரை 12 அரை மணி நேரம், ஒரு சைக்கிளுக்கு 19.80 பவுண்டு. இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும், மூன்று பேருக்கு 59.40 பவுண்டு. அதே ஆறு மணி நேரத்தில், ஓர் இடத்தில் எடுத்து அடுத்த இடத்தில் விட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு வேறு சைக்கிள் எடுத்து என்று ஆறு முறை ஓட்டினால் ஒருவருக்கு 9.90 பவுண்டுதான். 24 மணி நேர பாஸும் உண்டு, அதிலும் 30 நிமிடக் கெடு இருக்கிறது. நீங்கள் போகிற நேரத்தில் சான்டாண்டர் சைக்கிள்ஸ் ஆப்பில் என்ன தொகை காட்டுகிறதோ அதை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடையில் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போவோமே, அந்தப் பழக்கத்தில் இதை அணுகினால் காசு போகும். இது டவுன் பஸ் மாதிரி, ஏறி இறங்குவதற்கு மட்டும். நாள் முழுக்க ஒரே சைக்கிள்தான் வேண்டும் என்றால் வாடகைக் கடையில் நாள் வாடகைக்கு எடுங்கள், அவர்கள் பூட்டும் தருவார்கள். இந்தச் சிவப்பு சைக்கிளில் பூட்டே கிடையாது. டீ குடிக்க நிறுத்தினாலும் இந்தச் சைக்கிள்களுக்கென்றே இருக்கும் ஒரு ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். நிறைய பேர் இதை அங்கே போய் நின்ற பிறகுதான் கவனிக்கிறார்கள்.

"எங்கே வேண்டுமானாலும் விடலாம்" என்பதும் தப்பு. சுமார் 800 நிலையங்கள் இருக்கின்றன, அவற்றில் எதில் வேண்டுமானாலும் விடலாம், அவ்வளவுதான். முன் சக்கரத்தை ஸ்டாண்டுக்குள் அழுத்தித் தள்ளி, பச்சை விளக்கு எரிகிறதா என்று நின்று பாருங்கள். பச்சை வராமல் நீங்கள் நடந்து போய்விட்டால் சவாரி ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது எடுத்துக்கொண்டு போனால் 300 பவுண்டு வரை உங்கள் கார்டில் பிடிப்பார்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பச்சை விளக்கை மறக்காதீர்கள்.

போன இடத்தில் ஸ்டாண்ட் எல்லாம் நிரம்பியிருந்தால் பதறி ஓட வேண்டாம். அங்கே இருக்கும் திரையில் இடம் இல்லை என்று பதிவு செய்தால் 15 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள், பக்கத்தில் எங்கே காலி இருக்கிறது என்றும் காட்டும்.

கார்டு விஷயம். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் இருக்கும், உங்கள் வங்கி ஆப்பில் போய் நீங்களே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், அங்கே போய் ஓடிபி வராமல் நிற்க வேண்டாம். ரூபே கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம், பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று எடுத்துக்கொள்ளும்.

இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் மகனின் அந்த ஊர்க் கார்டிலேயே எடுங்கள். ஒரு கார்டில் ஒரே நேரத்தில் நான்கு சைக்கிள் வரை எடுக்கலாம். மகளுக்கு 15 வயது என்பதால் ஓட்டலாம் (14 ஆனால் போதும்), ஆனால் எடுத்துக் கொடுப்பவருக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். நான்கு சைக்கிளுக்கும் பொறுப்பு கார்டுக்காரர்தான், பாவம், அவனுக்கும் பச்சை விளக்கைச் சொல்லி வையுங்கள்.

பைக்கும் ஸ்கூட்டியும் பழகிப்போய் சைக்கிளைத் தொட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தால் முதல் நாள் ஹைட் பார்க்கில் ஓட்டிப் பாருங்கள், அதற்குள் சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது ஒரு நிம்மதி. நடைபாதையில் ஏற்றினால் அபராதம், சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் அபராதம். நம் ஊர் மாதிரி ஆள் இல்லையே என்று போக முடியாது.

அப்புறம் ஸ்டாண்டே இல்லாமல் தெருவில் நிற்கும் பேட்டரி சைக்கிள்களும் கண்ணில் படும், லைம் போன்றவை. திறக்க ஒரு தொகை, பிறகு நிமிடக் கணக்கு. குறித்த இடத்தில் நிறுத்தாவிட்டால் தனிக் கட்டணமும் விழும். அவசரத்துக்கு நல்லது, சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிக்னலில் நிற்கும்போதும் காசு ஓடும்.

கேள்வி: அண்ணன் மகள் வேறு மாநிலத்தில் ஒரு நகரத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அங்கே ஒரு ஆப்பில் சைக்கிள் எடுத்து, ஓட்டி முடித்து பூட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் ஆப்பில் சவாரி முடியாமல் ராத்திரி முழுக்க ஓடி, வாலட் பணம் தீர்ந்து டெபாசிட்டிலும் பிடித்துவிட்டார்கள். மெயிலுக்குப் பதிலே இல்லை. சின்னத் தொகைதான், விட்டுவிடலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: விடாதீர்கள். சின்னத் தொகை என்று எல்லாரும் விடுவதை நம்பித்தான் மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்கிறார்கள்.

முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். சவாரி எண், தொடங்கிய நேரம், பிடித்தம் காட்டும் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், ஆப்பை நீக்கிவிட வேண்டாம். அன்று ராத்திரி அவள் ரயிலில் ஊருக்கு வந்துகொண்டிருந்தாள் என்றால் அந்த டிக்கெட்டே நல்ல சாட்சி. பணம் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று கெடு வைத்து இன்னொரு மெயில் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் உத்தரவு போட மாட்டார்கள், நிறுவனத்திடம் பேசி முடித்து வைக்கப் பார்ப்பார்கள், பல நேரம் அதிலேயே பணம் வந்துவிடும்.

வரவில்லையா? நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அதனால் அந்த ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். மனு அவள் பெயரில் இருக்கட்டும், சித்தப்பா பெயரில் வேண்டாம்.

டெபாசிட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீன வாடகை சைக்கிள் நிறுவனமான ஓஃபோ 2018-ல் கோயம்புத்தூருக்கும் வந்தது, அதே வருடம் இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது. அந்த டிசம்பரில் சீனாவில் 99 யுவான், 199 யுவான் என்று கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆன்லைன் வரிசையில் நின்றார்கள். வெளியூரில் இப்படி ஒரு ஆப்பில் டெபாசிட் கட்டினால், ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே திருப்பிக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். வாலட்டிலும் அன்றைக்குத் தேவையான அளவுக்கு மேல் போடாதீர்கள், மீதியைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள்.

கேள்வி: லண்டன் சைக்கிளை அம்மா சேலையோடு ஓட்ட முடியுமா? நான் பின்னால் உட்கார்ந்து போகலாமா? (குளச்சல் வாசகி)

பதில்: முடியும். நடுக்கம்பி தாழ்வாக வளைந்திருக்கும், செயின் மூடியிருக்கும், சீட்டை ஏற்றி இறக்கலாம். ஆனால் சைக்கிள் 23 கிலோ இருக்கும், கியர் மூன்றுதான், மேட்டில் மிதிக்க அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பின்னால் கேரியர் கிடையாது, ஒரு சைக்கிளில் ஒருவர்தான். உங்களுக்குத் தனியாக ஒன்று எடுங்கள்.