வாங்கிய விலையை மறந்துவிட்டு யோசியுங்கள்

கேள்வி: பத்து ஆண்டுகளாக ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் நிதித் திட்டம்) மாதந்தோறும் பணம் போட்டு வருகிறேன். இப்போதைய சரிவில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் இன்னும் லாபத்தில்தான் இருக்கிறேன். அதை விற்றுவிட்டு, நிலைமை சீரானதும் திரும்ப வாங்கலாமா? தனியாக ஒரு நிறுவனத்தின் பங்கும் இருக்கிறது. வாங்கிய விலையில் பாதிகூட இப்போது இல்லை. அசல் வந்ததும் அதை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: லாபத்தில் இருப்பதை விற்கப் பார்க்கிறீர்கள், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக் காக்கிறீர்கள். இரண்டுக்கும் நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல் வாங்கிய விலைதான். அந்த விலை சந்தைக்குத் தெரியாது. அந்த நிறுவனம் நாளை எவ்வளவு சம்பாதிக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இது உங்கள் ஒருவருடைய பலவீனம் என்று எண்ண வேண்டாம். நிதித் துறைப் பேராசிரியர்கள் ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் ஆகியோர் 1985-லேயே இந்தப் போக்கை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நஷ்டம் தரும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரின் ஆய்வு முடிவு. விற்றால் அந்த வலி உறுதியாகிவிடும். அதனால்தான் கை வருவதில்லை.

எனவே, பங்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய மதிப்புக்கு ஈடான பணம் கையில் இருந்தால், இதே பங்கை இன்று வாங்குவீர்களா? கடன், விற்பனை, லாபம் எல்லாவற்றையும் பார்த்தும் "மாட்டேன்" என்றால், அசலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதியாகக் குறைந்தது பழைய விலையைத் தொட இரண்டு மடங்காக வேண்டும். வரிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு விற்றுவிடுங்கள்.

ஃபண்ட் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை அந்த "நிலைமை சீரானதும்" என்ற வார்த்தைதான். இறங்கும்போது இன்னும் இறங்கும் என்றே மனம் சொல்லும். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை சுமார் 34% விழுந்தது. ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. கொரோனா அப்போது ஓய்ந்திருக்கவில்லை. நல்ல செய்திக்காகக் காத்திருந்தவர்கள் விற்றதைவிட அதிக விலையில் வாங்க நேர்ந்தது.

அதற்காக, பொறுத்தால் எப்போதும் சீக்கிரம் மீளும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதும் மீண்ட சந்தைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் இன்னொரு மனச்சாய்வுதான். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் உச்சத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி ஆனது.

இந்தப் பணம் எப்போது தேவை என்பதை நீங்கள் எழுதவில்லை. வீடு, படிப்பு, சிகிச்சை என இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் தொகை இருந்தால், அந்த அளவை மட்டும் இப்போதே வெளியே எடுத்து வையுங்கள், விலை எதுவானாலும். பத்து ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படாத மீதியைத் தொடாதீர்கள். மாதத் தவணையையும் நிறுத்தாதீர்கள். தினமும் விலை பார்க்கும் செயலியை ஃபோனிலிருந்து நீக்கிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்தால் போதும்.