கார்டிஃப்பிலிருந்து ஒரே நாளில் ரோந்தாவும் பிக் பிட்டும்: என் பதில்

வேல்ஸின் கார்டிஃப்பிலிருந்து, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரோந்தா பள்ளத்தாக்கையும், சுற்றுலாப் பயணிகள் உள்ளே இறங்கிப் பார்க்கக்கூடிய பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா, காரும் இல்லை, மேப்பில் இரண்டும் பக்கத்தில்தானே தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். மேப்பில் தெரியும் அந்த நெருக்கத்தை நம்பாதீர்கள். தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுகின்றன, நடுவில் உயரமான மேடுகள். ரயிலும் ஊர்களும் ஆற்றோரமாகவே நீண்டு போவதால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக பெரும்பாலும் கீழே இறங்கித் திரும்ப ஏற வேண்டும்.

நானாக இருந்தால் ரோந்தாவை மட்டும் எடுத்துக்கொள்வேன். ட்ரெஹர்பர்ட் ரயிலில் ஏறி ட்ரெஹாஃபோடில் இறங்குங்கள், 1983இல் மூடப்பட்ட லூயிஸ் மெர்தர் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். அப்புறம் அதே ரயிலில் ட்ரியோர்க்கி. அங்கே பார்க் அண்ட் டேர் மண்டபத்தைக் கட்டாயம் பாருங்கள். நூலகமும் அரங்கும் வேண்டும் என்று சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுக் கட்டியது, இன்றும் நாடகம் நடக்கிறது. ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மயர்டி 1990இல் மூடிய பிறகும் ஊர் கூடுகிற இடமாக அது நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

90 மீட்டர் ஆழத்துக்கு நிஜமாகவே இறங்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் சரி, ரோந்தாவை விட்டுவிட்டு பிக் பிட் இருக்கும் பிளைனாவன் ஊருக்குப் போங்கள். அங்கே வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது, கடைசிக் கட்டம் பஸ்தான். போனையும் பேட்டரி வாட்சையும் மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.