பிரான்ஸில் நண்பர் வீட்டில் தங்கினால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

நண்பர் வாய் நிறையக் கூப்பிடுகிறார், ஆனால் ஓட்டலிலேயே தங்கிவிடலாமா என்று தயக்கமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தொந்தரவாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். இருந்தாலும் போய்த் தங்குங்கள்.

இதற்கு நான் பதில் எழுதக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் நானும் மனைவியும் போய்வந்ததிலிருந்து, "வெள்ளைக்காரன் வீட்டில் ஓசியில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தான்" என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் கல்யாண வீடு, காதுகுத்து எதையும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். எட்டு நாள் இல்லை, ஆறு நாள். ஓசியும் இல்லை. நான் எவ்வளவு செலவழித்தேன் என்று இங்கே கணக்குக் காட்டப் போவதில்லை, காட்டினால் "பீத்திக்கொள்கிறான்" என்று இன்னொருவர் வருவார்.

முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு ஓட்டல் புக்கிங் காட்டாமல் நண்பர் வீடு என்று போட்டால் 'அத்தெஸ்தாசியோன் தக்கய்' என்று ஒரு வரவேற்புச் சான்று வேண்டும். அதை நீங்கள் வாங்க முடியாது, அவர்தான் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ, சம்பள ரசீதோ எல்லாம் காட்டி, கட்டணம் கட்டி (2023ல் 30 யூரோ) வாங்க வேண்டும். நீங்கள் அங்கே காசில்லாமல் நின்றால் நான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட வேண்டும். சான்று கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்ப வராது. அசலைத் தபாலில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். சான்று இருந்தால் ஒரு நாளைக்கு 32.50 யூரோ கைச்செலவுக்கு இருப்பதாகக் காட்டினால் போதும், சான்றும் இல்லை ஓட்டலும் இல்லை என்றால் 120 யூரோ. உங்கள் நண்பர் இதற்கெல்லாம் அலையத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். சும்மா வாய்வார்த்தைக்குக் கூப்பிட்டவர் அந்த இடத்திலேயே நழுவிவிடுவார்.

பாரிஸ் பக்கம் இருக்கும் எங்கள் தூரத்து மாமா ஒருவர் அப்படித்தான் நழுவினார், "வீடு சின்னது தம்பி, வசதிப்படாது" என்று. அப்போது கோபம் வந்தது. பிறகு அந்த ஊர் வீடுகளைப் பார்த்ததும் கொஞ்சம் தணிந்தது. முழுசாக அல்ல.

எங்களுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தது சொந்தமே இல்லாத ஒரு பிரெஞ்சுத் தம்பதி. 2018ல் மகாபலிபுரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தறி பார்க்க வந்தவர்கள். அப்பா நெய்வதை வாசலில் நின்று பார்த்தவர்களை அம்மா உள்ளே கூப்பிட்டாள், அன்றைக்கென்று அடைமழை, கிளம்ப முடியாமல் இரண்டு ராத்திரி எங்கள் கூடத்திலேயே பாயில் படுத்தார்கள். அவ்வளவுதான் பழக்கம். அப்புறம் ஐந்து வருஷம் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அவர்கள் இருப்பது லியோனில், க்ருவா-ரூஸ் என்ற மேட்டில். பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லியோன். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன், உத்தரம் நாலு மீட்டர் உயரத்தில் இருந்தது. எதற்கு இவ்வளவு உயரம் என்றால், அந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் பட்டு நெசவாளர் குடியிருப்பு, ஜக்கார்டு தறி, அதாவது ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துப் பூவேலை நெய்கிற தறி, நிற்க அந்த உயரம் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுத் தறியின் தலையில் உட்கார்ந்திருக்கும் அதே ஜக்கார்டுதான். அதைச் செய்த ஜக்கார் லியோன்காரர், அந்தப் பேட்டைச் சதுக்கத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. சிலைக்குக் கீழே நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுதான் நம்ம அட்டைக்காரனா?" என்றார்.

அந்த உயரத்தில் பாதியில் பலகை அடித்துப் பரண் மாதிரி ஓர் அறை. அங்கேதான் படுக்கை. ராத்திரி ஏணிப்படியில் இறங்கும்போது மனைவி என் தோளைப் பிடித்த பிடியில் ஒரு வாரம் வலி. கழிப்பறை தனி, குளியலறை தனி. கழிப்பறையில் கழுவத் தண்ணீர் கிடையாது, பாட்டில் கொண்டுபோங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டையும் கிடையாது. முதல் நாள் நம்மூர் ஞாபகத்தில் தொட்டிக்கு வெளியே நின்று மொண்டு ஊற்றிக்கொண்டேன், தண்ணீர் நடை வரைக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாவும் நானும் முட்டி போட்டுத் துடைத்தோம்.

ஆனால் நான் பட்ட பாடு சாப்பாட்டில். போகுமுன் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை மெர்சி, நன்றி. ராத்திரி சாப்பிட எட்டரை ஆகும். ரொட்டியைத் தட்டில் வைக்கமாட்டார்கள், மேசைத் துணி மேலேயே வைத்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கை வெண்ணெய், பாலாடையோடு சுட்டு ஒரு பாத்திரம் வந்தது, பிரமாதம். அந்த அம்மா பாத்திரத்தை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே "மெர்சி" என்றேன். பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விட்டது. சரி, சுற்றி வரும் என்று பார்த்தால் வரவே இல்லை. இரண்டு ராத்திரி இதே கதை. பரணில் படுத்துக்கொண்டு அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைச் சத்தம் வராமல் வாயில் ஊறவைத்துத் தின்றோம். "என்னங்க, இவங்க ஒரு தடவைக்கு மேல போடவே மாட்டாங்களா" என்றாள் மனைவி. மூன்றாம் நாள் படுக்கையில் முறுக்குத் தூளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எதையாவது நீட்டும்போது மெர்சி என்றால் போதும், வேண்டாம் என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் 'வீ' என்று சொல்ல வேண்டும்.

அவருடைய கணவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் தான் பட்டதைச் சொன்னார். அவர்கள் ஊரில் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதுதான் மரியாதை. எங்கள் வீட்டில் தட்டு காலியாகக் காலியாக அம்மா இட்லி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒன்பது இட்லியாம்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. காலையில் போய் ரொட்டி வாங்கிவருவது என் வேலை, பாத்திரம் கழுவுவதும் நான்தான். விருந்தாளி உட்கார்ந்தே இருந்தால் அங்கே யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அதனால்தான் நாமாக எழுந்திருக்க வேண்டும். ஒரு நாள் சாம்பார் வைத்தோம். டிசம்பர் 8 அன்று ராத்திரி அந்த ஊரில் ஜன்னல் விளிம்பு முழுக்கக் கண்ணாடிக் குவளையில் விளக்கு வைப்பார்கள், 1852லிருந்து நடக்கிற வழக்கம். மனைவி கார்த்திகைக்கு ஏற்றுகிற மாதிரியே ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே நெசவாளர் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். தறி ஓடுகிற சத்தத்துக்கு அந்த ஊரில் 'பிஸ்தாங்க்ளாக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1831ல் கூலியை நிர்ணயம் செய் என்று அந்த மேட்டிலிருந்து நெசவாளர்கள் திரண்டு இறங்கிய கதையைச் சொன்னார்கள். எனக்கு அப்பா ஞாபகம். கோர்வைச் சேலையில், அதாவது உடலையும் கரையையும் தனித்தனியாகக் கோத்து நெய்கிற சேலையில், ஓரத்தில் ஓர் இழை பிசகினால் போதும், பாவு நூல் கொடுத்த முதலாளி கூலியில் பிடித்துவிடுவார். இன்றைக்கு விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற கடைகள் எங்கள் தெருவுக்கு எதிரிலேயே இருக்கின்றன. யார் கேட்கிறார்கள்? சரி, விடுங்கள்.

பரிசாக அப்பா நெய்த பட்டுத் துண்டு ஒன்று கொண்டுபோனோம். நீங்கள் பூ கொண்டுபோவதாக இருந்தால் சாமந்தி வேண்டாம், அங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ.

வருகிற தையில் அவர்கள் இங்கே வருகிறார்கள். தட்டு காலியானால் கேட்டுவிட்டு வை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "அது என்ன, கேட்டுக்கிட்டு சோறு போடறது" என்கிறாள்.