பெரியம்மாவின் சுருதி

வணக்கம் சார்,

நான் திண்டுக்கல் பக்கம். வீட்டிலேயே எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். என் பெரியம்மா பாடும் மாரியம்மன் பாட்டு ஒன்றுக்கு இசை சேர்த்தேன். ஆறு கட்டைச் சுருதியில் எல்லா ட்ராக்கையும் முடித்த பிறகு, பெரியம்மா ஒரு கட்டை இறக்கச் சொன்னார். இறக்கினேன். பாடிப் பார்த்துவிட்டு இன்னும் அரைக் கட்டை என்றார். ஒவ்வொரு ட்ராக்காகத் திறந்து நோட்டுகளை மௌஸால் இழுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது. இந்தத் தொல்லை இல்லாமல் மிடி நோட்டுகளை வேகமாக டிரான்ஸ்போஸ் செய்ய, அதாவது சுருதி மாற்ற, வழி உண்டா? இப்போது டிரம்ஸில் ஹைஹேட் தாளத்தட்டு வரவேண்டிய இடத்தில் கைத்தட்டல் கேட்கிறது. வயலின் சில இடங்களில் சத்தமே இல்லை. ராகமும் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் எந்த சாஃப்ட்வேர் நல்லது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

வேகமான வழி இருக்கிறது. நோட்டுகளைக் காட்டும் பியானோ ரோல் திரையில் கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தினால் எல்லா நோட்டும் தேர்வாகிவிடும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு அரைக் கட்டை இறங்கும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு தட்டினால் ஒரு ஸ்தாயி. மௌஸுக்கு வேலையே இல்லை. மற்ற இசை மென்பொருள்களில், ஏபிள்டனிலும் கியூபேஸிலும் வெறும் அம்புக்குறி போதும், லாஜிக்கில் ஆப்ஷன் விசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாஜிக்கில் ரீஜன் எனப்படும் ட்ராக் துண்டுகளை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள டிரான்ஸ்போஸ் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டாலும் நடக்கும். எது நல்லது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கையில் இருப்பது போதும்.

கைத்தட்டல் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிடி என்பது சுரங்களைக் கணினிக்கு எண்களாகச் சொல்லும் முறை. அதற்கு ச-வும் தெரியாது, ரி-யும் தெரியாது. 0 முதல் 127 வரை எண்கள்தான் தெரியும். நடு ஸி 60. நீங்கள் ஆறிலிருந்து நாலரைக்கு வந்திருக்கிறீர்கள், அதாவது அரைக் கட்டைக்கு ஒன்று வீதம் எல்லா எண்ணிலும் மூன்று குறைந்திருக்கிறது. டிரம்ஸில் எண் என்பது சுருதி இல்லை, எந்த வாத்தியம் என்பதற்கான அடையாளம். மூடிய ஹைஹேட் 42. மூன்றைக் கழித்தால் 39, அது கைத்தட்டல். ஸ்னேர் 38. அது 35 ஆகி, கிக் டிரம்மாகப் போயிருக்கும், கவனித்துப் பாருங்கள். டிரம்ஸ் ட்ராக்கை மட்டும் பழைய இடத்துக்கே ஏற்றிவிடுங்கள். வயலினின் கடைசித் தந்தி 55-இல் நிற்கிறது, அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் சுரமே கிடையாது. உங்கள் வயலின் ஒலியை, அதாவது பேட்ச்சைச் செய்தவர் அதற்கு மரியாதை கொடுத்திருக்கிறார். அந்த வரியை வயலினைவிடக் கீழே போகும் வயோலாவுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி மேலே எழுதுங்கள்.

ராகம் மாறாது. எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்கினால் இடைவெளி அப்படியே இருக்கும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டில் நீங்கள் வரைந்த கமகமும் நோட்டோடு சேர்ந்தே இறங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்கேலுக்குள்ளேயே நோட்டுகளை ஒரு படி நகர்த்தும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. மோகனத்தில் இருக்கும் பாட்டை அப்படி பாஸ் ட்ராக்கோடு சேர்த்து ஒரு படி ஏற்றினால் ரிஷபம் ஆதாரமாகிவிடும், காதில் மத்யமாவதி விழும். இரண்டு படி ஏற்றினால் ஹிந்தோளம். ஆதாரச் சுரம் மாறினால் ராகம் மாறும் இதை, கிரகபேதம் என்று நம்மவர்கள் காலங்காலமாக அறிந்ததுதான். அந்தப் பக்கம் இப்போது போகாதீர்கள்.

இனி நான் சொல்ல நினைத்தது. உங்கள் கடிதத்தில் ‘தொல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மா சுருதியை இறக்கச் சொல்வது உங்களுக்குத் தொல்லை! எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டு அவருடையது. பாடப்போவது அவருடைய தொண்டை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு கட்டை என்று முடிவு செய்தது யார்? எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அளவெடுக்காமல் தைத்த சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்வது போல அவர் முன்னால் நீட்டியிருக்கிறீர்கள். அவர் பொறுமையாக இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறார்.

சில காலமாகவே இது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்போஸ் எளிதாக எளிதாக, சுருதி கேட்கும் பழக்கம் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற தைரியம்தான் காரணம்.

எங்கள் ஊர் பஜனை மடத்தில் ஓர் ஆர்மோனியக்காரர் இருந்தார். மார்கழி விடியற்காலையில் யார் பாட வந்தாலும் அவர் கை முதலில் கட்டையைத் தொடாது. “அனுபல்லவியை மட்டும் பாடுங்க” என்பார். பாட்டின் உச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு பாட்டிலேயே மிகக் கீழே போகும் இடத்தைப் பாடச் சொல்வார். இரண்டையும் கேட்ட பிறகுதான் துருத்தியை அசைப்பார். உச்சியில் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை கீழே, அடியில் சொல் காற்றாகிப் போனால் அரைக் கட்டை மேலே. இவ்வளவுதான் அவர் முறை. அவருடைய ஆர்மோனியத்தில் சுருதியை நகர்த்தும் ஸ்கேல் சேஞ்சர் கிடையாது, எந்தக் கட்டையிலும் விரலால் வாசித்தார். அமெரிக்காவில் இர்விங் பெர்லின் என்ற பெரிய பாடலாசிரியர், பெரும்பாலும் எஃப் ஷார்ப்பில் மட்டுமே பியானோ வாசிப்பார். மற்ற சுருதிகளுக்காக நெம்புகோலைத் தள்ளினால் சுருதி மாறும் பியானோ ஒன்றை வைத்திருந்தார். விரலுக்கு உதவும் கருவி பழையதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. பாடுகிறவரைக் கேட்காமல் விடுவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

அந்த மடத்தில் ஓர் அம்மா வருஷா வருஷம் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். வயதாக ஆகக் குரல் இறங்கியது. ஆர்மோனியக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஐந்து, நாலரை, நாலு என்று அவரோடு சேர்ந்து இறங்கினார். அந்த அம்மா கடைசி வரை, “நான் அதே சுருதியிலதான் பாடறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தார். வாத்தியக்காரனுக்கு இதைவிடப் பெரிய படிப்பு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேரெதிரானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாலாட்டு பாட ஒரு பாட்டியை அழைத்து வந்திருந்தார்கள். ட்ராக் முடிந்துவிட்டது, இதற்கே பாடுங்கள் என்றார்கள். உச்சி எட்டவில்லை. சரி, அவர் சுருதியிலேயே பாடட்டும் என்று பதிவு செய்து, பிறகு குரலை மென்பொருளில் ஏற்றினார்கள். தொண்டையும் வாயும் தரும் அதிர்வும் சேர்ந்து ஏறியதால் குரல் சின்னப் பெண்ணின் குரலாகிவிட்டது. கூட வந்திருந்த பேத்தி, “இது எங்க ஆயா குரலே இல்லையே” என்றாள். அந்த ட்ராக் முழுவதும் மிடி, தம்பி. ஒரு நிமிஷ வேலை. ஏறாத குரலை ஏற்றினார்களே தவிர, சும்மா இறங்கக்கூடிய எண்களை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இப்போது உங்கள் கோப்பை மூடிவைத்துவிட்டு, கைபேசியில் ஒரு தம்புராச் செயலியோடு பெரியம்மாவிடம் போங்கள். ட்ராக்கைப் போட்டுக் காட்ட வேண்டாம், காதில் விழுந்த சுருதிக்கே குரல் போய்விடும். சும்மா பாடச் சொல்லுங்கள். உச்சியையும் அடியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பாடும் வேகத்தையும் கேளுங்கள், அங்கேயும் நீங்களாகத்தான் முடிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திருவிழாவில் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே பாடும் சுருதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் குரல் தானாக உயரும். மைக் முன்னால் உட்கார்ந்தால் அதைவிட அரைக் கட்டை, சில சமயம் ஒரு கட்டை கீழேதான் நிற்கும். நாலரையில் ஒன்று, நாலில் ஒன்று என்று இரண்டு பிரதி தயாராக வைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக்கு உட்காருங்கள். அன்றைக்கு எது வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.