கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுத்தவர்களில் உங்களுக்கு ஊக்கம் தந்தவர் யார்? அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டீர்கள்?

ஆன்செல் ஆடம்ஸ். எல்லோரும் சொல்லும் பெயர்தான், ஆனாலும் அவரைத்தான் சொல்வேன். நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்து பீடோங்கில். ஒரு பக்கம் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம், மறுபக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. இந்த ஊரில் நின்று எதைப் படம் எடுப்பது என்ற கேள்விக்கு எனக்கு விடை கொடுத்தவர் அவர்.

1927 ஏப்ரல் 10. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்ற மாபெரும் பாறைக்கு எதிரே ஏறிப்போய் நிற்கிறார். வயது 25. கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெரிய கேமரா. மிச்சம் இருப்பது இரண்டே தகடு. ஒன்றை லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர், அதாவது வண்ணக் கண்ணாடி, மாட்டி எடுத்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கு உறைக்கிறது: இப்படி எடுத்தால் வானம் சாதாரணச் சாம்பலாக வரும், பாறையைப் பார்க்கும்போது மனசில் ஏறும் கனம் படத்தில் ஏறாது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அது நீல ஒளியைத் தடுத்துவிடும். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது, பாறை அதன் முன்னால் தனித்து எழுந்து நின்றது. அந்தப் படத்தில் நாம் பார்ப்பது அவர் மனசில் இருந்த வானம்.

தாளில் எது கறுப்பாக வரவேண்டும், எது வெள்ளையாக வரவேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். 1940 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து இதற்கு ஒரு முறையையே வகுத்தார். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரிப்பது அது: முழுக் கறுப்பு பூஜ்யம், முழு வெள்ளை பத்து. நடுச் சாம்பல் ஐந்து. வெளிச்சத்தை அளக்கும் ஒளிமீட்டர் எதைப் பார்த்தாலும் ஐந்தாம் படிக்குக் கொண்டுவரப் பார்க்கும். எதை எந்தப் படியில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியது எடுப்பவர்.

சரி, இதை பீடோங்கில் எப்படிச் செய்வது? எங்களுக்கும் ஒரு மலை உண்டு, ஜெராய், 1,217 மீட்டர். மொட்டைப் பாறை கிடையாது, காடு மூடிய மலை. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பல மாதங்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த வானத்துக்குச் சிவப்பு ஃபில்டர் மாட்டிப் பெரிய பயன் இல்லை, தடுப்பதற்கு அங்கே நீலம் வேண்டுமே. ஆனால் வருஷத் தொடக்கத்தில் வடக்கே மழை குறையும். வானம் நீலமாகும். பால்மரம் இலை உதிர்க்கும் காலமும் அதுதான். உதிர்வதற்கு முன்னால் இலை பழுத்து ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். அதே சிவப்பு ஃபில்டரை இப்போது மாட்டிப் பாருங்கள். பழுத்த இலை வெளேரென்று வரும், பக்கத்துச் செம்பனை இருண்டுவிடும், மலைக்கு முன்னால் நிற்கும் நீலப் புகைமூட்டம் குறைந்து அதன் மடிப்புகள் தெளியும். ஒரே பச்சை என்று நினைத்த இடத்தில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். மலேசியாவுக்குப் பருவங்கள் இல்லை என்பவர்களை பிப்ரவரியில் ஒரு பால்மரக் காட்டுக்குள் கூட்டிப் போகவேண்டும்.

அதற்குப் பிறகு நான் அதிகம் எடுத்தது மரப்பட்டையை. பால் எடுக்க வெட்டுப் பட்ட பக்கத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரியும் கோடு, அதன் அடியில் கம்பியில் தொங்கும் மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம். மரத்தடியில் வெளிச்சம் குறைவு. கேமராவை அதன் போக்கில் விட்டால் பட்டையைச் சாம்பலாக்கிப் பாலை வெளிறடித்துவிடும். நான் பட்டையை மூன்றாம் படியில் வைப்பேன், இருட்டாகவே இருக்கட்டும், கீறல் மட்டும் தெரிந்தால் போதும். பால் எட்டு வரை போகலாம். பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் ஒவ்வொரு நாள் வெட்டும் தனித்தனி வரியாகத் தெரியும்.

அப்படி ஒரு படத்தை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பல வருஷம் பாலுக்காக மரம் வெட்டியவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது புது ஆளு வெட்டுன மரம்லா. உளி உள்ள வரைக்கும் போயிருக்கு பாரு, இங்க காயம் பட்டு முடிச்சு விழுந்திருக்கு" என்றார். எந்தப் பட்டணத்துக் கண்காட்சியிலும் எனக்கு இப்படி ஒரு விமர்சனம் கிடைக்காது.

ஆடம்ஸிடம் எனக்குச் சேராத இடம் ஒன்றும் உண்டு. அவருடைய யோசெமிட்டி படங்களில் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாகப் பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள், படத்திலோ யாரும் கால் வைக்காத பூமி போலத் தெரியும். தோட்டத்தை அப்படி எடுக்க எனக்கு மனம் வராது. இங்கே நிற்கும் ஒவ்வொரு மரமும் யாரோ குழி வெட்டி நட்டது. ஆனால் அவரே 1943-இல், போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த மன்சனார் முகாமுக்குப் போய் அங்கிருந்தவர்களின் முகங்களை எடுத்தார். பின்னால் அந்தப் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். மலைப் படங்களைத் தேடுகிறவர்கள் இவற்றையும் தேடிப் பார்க்கவேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் அவருடைய 'ஹெர்னாண்டஸ் நிலவுதயம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1941-இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்தது. ஒரே நெகட்டிவ்தான். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும், பிற்காலப் பிரதிகளில் வானத்தை நன்றாக இருட்டிவிட்டார். பியானோ வாசித்தவர் அல்லவா, நெகட்டிவை இசைக்குறிப்பு என்றும் பிரதியைக் கச்சேரி என்றும் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது புரியும்.

பெரிய கேமரா தேவையில்லை. கைப்பேசியில் வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை ஏற்றி நீலத்தை இறக்கினால் அதே ஃபில்டர் வேலை ஓரளவு நடக்கும். பிப்ரவரியில் கெடா பக்கம் வந்தால் காவலரிடம் சொல்லிவிட்டுக் காலை ஒன்பதுக்குள் காட்டுக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறி, பட்டையின் வரிகள் தட்டையாகிவிடும்.