வாட், அக்வோ, டெலோ

கேள்வி: ஆட்கள் இருந்து உருவாக்கிய மொழிகளில் தண்ணீருக்கு என்ன சொல்? வோலாபுக் மொழியில் ‘வாட்’ என்கிறாள் மகள். அது நம் சிங்கள ‘வதுர’தானே? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அப்படி இருந்தால் காலிவீதிச் சாப்பாட்டுக் கடையில் பெருமையடித்திருப்பேன். இல்லை, அம்மா. வோலாபுக்கை உருவாக்கிய ஜெர்மன் பாதிரியார் ஷ்லையர், ஆங்கில ‘வாட்டர்’ சொல்லின் வாலை நறுக்கி ‘வாட்’ ஆக்கினார். ‘வேர்ல்ட்’ அவரிடம் ‘வோல்’ ஆனது. ‘ர’ பலருக்கு வாயில் நுழையாது என்று அதைத் தள்ளி வைத்தவர். நறுக்கியபின் ஆங்கிலேயருக்கே சொல் அடையாளம் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

1887இல் எஸ்பெராண்டோ என்ற மொழியை வெளியிட்ட சாமென்ஹோஃப் அவ்வளவு வெட்டவில்லை. லத்தீன் ‘அக்வா’வை எடுத்து, பெயர்ச்சொல்லுக்கான ‘ஓ’வை ஒட்டி, ‘அக்வோ’ என்றார். இன்டர்லிங்குவா என்ற இன்னொரு மொழியில் ‘அக்வா’ அப்படியே இருக்கிறது, சொல்ல வேறொன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது தோக்கி போனாவின் ‘டெலோ’. பிரெஞ்சில் ‘கொஞ்சம் தண்ணீர்’ என்பதற்கான ‘து லோ’விலிருந்து வந்தது. ஏறத்தாழ 120 சொல்லோடு தொடங்கிய மொழி என்பதால் ஒரே சொல் பல வேலை பார்க்கும்: தண்ணீர், எந்தத் திரவமும், கழுவுவதும் ‘டெலோ’தான். ‘டெலோ நாசா’ என்றால் சாராயம். நேர்ப்பொருள் கிறுக்குத் தண்ணீர். ‘தண்ணியடிக்கிற’ நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? மகளிடம் அந்த உதாரணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.