வாசகர் கேள்வி – பதில்: கல்லறைக்கு முன் பதிவேடு

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, 1925 வாக்கில் அங்கேயே காலமானார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய கல்லறையையும் அடக்கப் பதிவையும் எப்படித் தேடுவது?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: முதலில் பதிவேட்டைத் தேடுங்கள். கல் நாட்டும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இருந்ததில்லை. மண்மேடும் மரச்சிலுவையுமாக விடப்பட்ட கல்லறைகள் சில மழைக்காலங்களிலேயே அடையாளம் இழந்திருக்கும். இடநெருக்கடியால் பழைய குழியிலேயே மீண்டும் அடக்கம் செய்வதும் உண்டு.

தரங்கம்பாடியின் ஒரே வீதியில் பழமையான இரண்டு தேவாலயங்கள் இருப்பதால் வெளியூரார் குழம்பிவிடுகிறார்கள். 1701-இல் டேனியருக்காக எழுந்த சீயோன் ஆலயம், 1845-இல் ஊர் ஆங்கிலேயர் வசமான பிறகு ஆங்கிலிக்கன் சபையிடம் சென்று, இன்று தென்னிந்தியத் திருச்சபையில் உள்ளது. 1718-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு கட்டி, மறு ஆண்டே அவர் அடக்கமான புதிய எருசலேம் ஆலயம், 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. சபை வேறானால் பதிவேடும் வேறு. உங்கள் கொள்ளுத்தாத்தா லுத்தரன் பள்ளி ஆசிரியர் என்பதால், புதிய எருசலேம் ஆலயத்தின் ஆயருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, 1920 முதல் 1930 வரையான அடக்கப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். வீட்டில் வழங்கிய பெயரை மட்டும் நம்பாமல், ஞானஸ்நானப் பெயர், தகப்பனார் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள். ‘சாமுவேல் வாத்தியார்’ என்று ஊர் அழைத்தவர் ஏட்டில் வேறொரு பெயரில் இருக்கக்கூடும்.

அங்கே கிடைக்காவிட்டால் அரசு இறப்புப் பதிவு இருக்கிறது. பழைய பதிவேடுகள் ஊருக்கு ஊர் பேரூராட்சியிலோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும் என்பதால், எங்கே என்று விசாரித்த பிறகு மனுக் கொடுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, கட்டணம் செலுத்தி ஏட்டைத் தேடச் சொல்லி நகல் பெற முடியும்.

அடக்கத் தேதி தெரிந்த பின் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். தோட்டத்தைப் பராமரிப்பவரிடமும் குழிவெட்டுபவரிடமும் முதலில் பேசுங்கள். எந்தக் குடும்பத்தாருக்கு எந்த வரிசை என்பது பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கும். தேய்ந்த எழுத்துகளைக் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படியுங்கள். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமலும், ஆண்டு தமிழ் எண்ணிலும் இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் எஞ்சிய எழுத்தும் போய்விடும். தண்ணீர் தெளித்து மெல்லத் துடைத்துப் படம் எடுத்தாலே போதும்.